அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படி

சிகாகோ,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

நீ வாங்க நினைக்கும் கிட்டாரின் போட்டோ வந்தது. சிவப்பு அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக நடந்ததாகத் தங்கச்சி சொன்னாள், நிம்மதி. ரிட்டயர்மென்ட் பணம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டதா? குண்டு இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறானா? எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ செமி ஹாலோ, அதாவது பாதி பொள்ளலான கிட்டார், வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அவர் உனக்குக் காட்டியிருப்பது முழு ஹாலோ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: இரண்டு பக்கமும் வெட்டு, எஃப் வடிவத் துளைகள், அதே மெல்லிய உடம்பு. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. நீ பார்த்தது எபிஃபோன் காசினோ. கிப்சன் நிறுவனம் 1957-ல் எபிஃபோனை வாங்கியது, 1961-ல் காசினோ வந்தது. அதன் வயிற்றுக்குள் ஒன்றும் கிடையாது, வெறும் காற்று. நீ மனதில் வைத்திருப்பது கிப்சனின் இ.எஸ்-335. அது 1958-ல் மிச்சிகனில் கலமாசூ தொழிற்சாலையில் பிறந்தது. அதன் நடுவில், கழுத்திலிருந்து அடிவரை, மேப்பிள் கட்டை ஒன்று ஓடுகிறது. இரண்டு ஓரங்கள் மட்டும்தான் பொள்ளல்.

ஒரு கட்டைக்காகவா இவ்வளவு என்று கேட்பாய். திருவள்ளூர் கச்சேரியை நினைத்துப் பார். நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தாரே, அந்தப் பார்வை! அன்றைக்கு உன் கிட்டார் ஊளையிட்டதற்குக் காரணம் இதுதான். ஸ்பீக்கர் சத்தம் பொள்ளலான உடம்பின் மேல்பலகையை அதிர வைக்கும். பலகையோடு கம்பியும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் அதிரும். அந்த அதிர்வு மறுபடி ஆம்ப் வழியாக இன்னும் பெரிதாக வெளியே வந்து பலகையையே தாக்கும். சுற்றிச் சுற்றி ஏறிக் கடைசியில் ஒரே ஓலம். நடுவில் கட்டை இருந்தால் பலகை அந்த அளவுக்குத் துள்ளாது. கம்பியின் நாதமும் கூடுதல் நேரம் நிற்கும். ஓரங்களில் காற்று இருப்பதால் அந்த உருண்டையான, கொஞ்சம் மூச்சுவிடுகிற தொனியும் போகாது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கிலேயே நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையை நடுவில் வைத்து, ஒரு பழைய கிட்டாரின் இரண்டு பாதிகளை அதன் ஓரத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். கிப்சன் அதை ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவர இன்னும் பதினெட்டு வருடம் ஆயிற்று.

கட்டை இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ப்ளூஸ் மேதை பி.பி. கிங் தன் கிட்டாரின் எஃப் துளைகளில் துணியைத் திணித்துக்கொண்டுதான் பெரிய மேடைகளில் வாசித்தார். 1980-ல் கிப்சன் அவர் பெயரில் செய்த மாடலில் துளைகளையே மூடிவிட்டார்கள். அவருக்கே அப்படி என்றால், சர்ச் ஹாலில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், மானிட்டர் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே வைத்து வாசிக்கப்போகும் உனக்குக் காசினோ எப்படி அடங்கும்?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "பீட்டில்ஸ் லெனன் வாசித்தாரே!" ஆமாம், வாசித்தார். பெயிண்டைச் சுரண்டி எடுத்த அதே காசினோவோடு 1969 ஜனவரியில் லண்டனில் மொட்டை மாடியில் நின்று வாசித்தார். திறந்தவெளி, சேகர். உங்கள் ஹாலில் தாழ்ந்த கூரை, நாலு பக்கமும் சுவர். நாற்பது வருடமாக நீ லெனனுக்காக என்னோடு சண்டை போடுகிறாய், போடு. ஆனால் பணம் உன்னுடையது.

கடைக்கு மறுபடி போனால் போன் டார்ச்சை எஃப் துளைக்குள் அடித்துப் பார். உள்ளே கொஞ்ச தூரத்திலேயே மரச்சுவர் தெரிந்தால் செமி ஹாலோ. எதிர்ப்பக்கத் துளைவரை வெளிச்சம் தடையில்லாமல் போனால் முழு ஹாலோ. கழுத்தையும் பார்: காசினோவில் 16-ஆவது பிரெட்டிலேயே (விரல்பலகையில் பதித்த உலோகக் கோடு) உடம்பு தொடங்கிவிடும், 335-ல் 19-ஆவது வரை கை தாராளமாகப் போகும். நீ மேல் ஸ்தாயியில் இழுத்து வாசிக்கிறவன், இது உனக்கு ரொம்ப முக்கியம். கம்பிகளைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. ஊஞ்சல் மாதிரித் தொங்கும் வகை காசினோவில் உண்டு, 1965-க்குப் பிந்தைய 335-களிலும் உண்டு.

ஐபனேஸ் கம்பெனிக் கிட்டார் காட்டினால் ஆர்ட்கோர் வரிசையில் ஏ.எஸ். என்று தொடங்குவதைக் கேள், ஏ.எஃப். என்பது முழு ஹாலோ. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் 1980-களிலிருந்து கையில் வைத்திருப்பது ஐபனேஸ் ஏ.எஸ்-200 தான். அதனால் பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதே. "இது ப்ளைவுட் சார்" என்று யாராவது பயமுறுத்தினாலும் கலங்காதே. 335-ஏ முதல் நாளிலிருந்து அடுக்கு மரம்தான், மேப்பிளுக்கு நடுவில் பாப்ளர். அடுக்கு மரம் விறைப்பாக இருக்கும், ஊளை குறையும். சென்னை ஈரத்துக்கும் அது நல்லது. இங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டதும் காற்று காய்ந்து, விரல்பலகை சுருங்கி, பிரெட் முனைகள் கையைக் குத்துகின்றன. உனக்கு அந்தத் தொல்லை கிடையாது. உன் எதிரி துரு. பிளக் செருகும் இடத்தையும் குமிழ்களையும் அதுதான் தின்னும்.

அதனால் வாங்கும்முன் ஆம்பில் செருகி எல்லாக் குமிழையும் முழுக்கத் திருப்பிப் பார், பிக்கப் சுவிட்சை எல்லாப் பக்கமும் தள்ளிப் பார். ஒரு கரகரப்பும் இருக்கக் கூடாது. இந்த ஜாதிக் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் பின்மூடி கிடையாது. உள்ளே ஒரு பாகம் கெட்டால் மொத்த ஒயரிங்கையும் எஃப் துளை வழியாக வெளியே இழுத்து, மறுபடி நூல் கட்டி, பைஜாமாவுக்கு நாடா கோர்ப்பதுபோல உள்ளே கொண்டுபோக வேண்டும். அந்த வேலைக்கு எல்லா ரிப்பேர்காரரும் கை வைக்கமாட்டார்கள். பழைய கிட்டார் என்றால் தலைக்குக் கீழே, நட்டுக்கு (கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சின்னத் துண்டு) பின்னால், நகத்தால் தடவிப் பார். அந்தச் சாய்வில்தான் விரிசல் விழும். பாலிஷ் போட்டு மறைத்துவிடுவார்கள். மூன்றாவது கம்பி நட்டில் சிக்கி "டிங்" என்று சத்தம் போட்டால் பயப்படாதே, பள்ளத்தைக் கொஞ்சம் சீராக்கினால் சரியாகிவிடும்.

கமகம் வருமா என்று கேட்டிருந்தாய். நன்றாக வரும். இந்த ஜாதிக் கிட்டாரின் கம்பி நீளம் 24.75 அங்குலம், ஃபெண்டர் கம்பெனிக் கிட்டாரைவிட முக்கால் அங்குலம் குறைவு. அதே கம்பியை அதே சுருதியில் கட்டினாலும் இழுப்பது சுலபம். பத்தாம் நம்பர் கம்பி செட் போடு.

அப்புறம் உன் தோள். டாக்டர் சொன்னதைத் தங்கச்சி என்னிடம் சொல்லிவிட்டாள், மறைக்காதே. 335 மூன்றரையிலிருந்து நாலு கிலோ வரை இருக்கும், அகலமும் பதினாறு அங்குலம். வலது கையைத் தூக்கி அதன்மேல் போட்டபடி இரண்டு மணி நேரம் உட்கார உன்னால் முடியாது. காசினோ மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். நீ வீட்டில் மட்டும், சின்ன ஆம்பில், ராத்திரி மெதுவாக வாசிக்கப் போகிறாய் என்றால் காசினோதான் சரி. அதன் பி-90 பிக்கப்புக்கு ஒரு காரம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அப்படியென்றால் மேலே எழுதியதை மறந்துவிட்டுப் போய் வாங்கிக்கொள்.

ஆனால் நீ அதற்காக வாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணன் போன பிறகு நீ மேடை ஏறவில்லை. டிரம்ஸில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாய். அதற்கப்புறம் நாங்கள் யாரும் உன்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது நீயே சர்ச் பையன்கள் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், ஒரே ஒரு வரி, அதுவும் கிட்டார் விலைக்கும் அம்மாவின் கண்ணுக்கும் நடுவில். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். போடா. கட்டாயம் போ. அவர் இருந்தால் முதலில் உன்னைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார். பையன்கள் சத்தமாகத்தான் அடிப்பார்கள். அதில் நீ தயங்காமல் ஒலியைக் கூட்டி வாசிக்க வேண்டும். ஊளைக்குப் பயந்து ஓரமாக நின்று குமிழைக் குறைத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

அதனால் என் முடிவு இ.எஸ்-339. கிப்சன் 2007-ல் கொண்டுவந்தது: உள்ளே 335 மாதிரியே நடுக்கட்டை, உடம்பு மட்டும் சின்னது. எபிஃபோனிலும் அது இருக்கிறது. தொனியில் அந்தக் காற்று ஒரு சிட்டிகை குறையும், உண்மைதான். ஆனால் கை தோளுக்கு மேலே ஏறாது. கிப்சன் பெயருக்காக மொத்தப் பணத்தையும் கொட்டாதே. எபிஃபோன் வாங்கி, மிச்சத்தில் நல்ல ஆம்ப் ஒன்று வாங்கு, நட்டையும் பிரிட்ஜையும் ஒழுங்காக செட் செய்து வை. பிக்கப் பிடிக்கவில்லை என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். கழுத்து கையில் உட்காரவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடு, நிறம் அப்புறம்.

போன கோடையில் கலமாசூ போய் வந்தேன். இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கிப்சன் 1984-ல் அங்கிருந்து முழுக்கக் கிளம்பிவிட்டது. போக மறுத்த சில தொழிலாளர்கள் மறு வருடம் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்று தொடங்கினார்கள். இன்றும் அங்கே எச்-535 என்று செமி ஹாலோ செய்கிறார்கள். நீ கூட இருந்திருந்தால் வாசலைவிட்டு நகர்ந்திருக்கமாட்டாய். விசா கிடைத்தால் வா, கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்போதைக்கு டார்ச் அடித்து எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு. கடையில் 339 இருக்கிறதா என்றும் கேள். இல்லையென்றால் தருவித்துத் தரச் சொல், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. சர்ச் பையன்களுக்கு மட்டும் இன்றைக்கே "வருகிறேன்" என்று சொல்லிவிடு. அதற்குக் கிட்டார் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

உன்,
ராஜன்