செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் உள்ள நம் குடியிருப்பின் தமிழ் மன்றம் இந்த ஆண்டும் பொங்கல் விழாவையும் கோலப்போட்டியையும் நடத்தியது. திருக்குறள் ஒப்பித்தலில் பன்னிரண்டு குழந்தைகள் பங்கேற்றனர். கண் பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போய், பிறகு நடக்கவே இல்லை.

இனி, சிலர் என் முதுகுக்குப் பின்னால் ‘பல்லிக் கணக்கு’ என்று சிரிக்கும் திட்டத்துக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம் அது, குறிப்பேட்டில் இருக்கிறது. மாதம் ஒரு நாள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, சுவர்களில் எத்தனை பல்லிகள் நடமாடுகின்றன என்று எண்ண வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். இரவு ஒன்பது மணி முறைக்கு வந்தவர்கள் நால்வர். விடியற்காலை மூன்று மணிக்கு நானும் காவலாளியும் மட்டுமே இருந்தோம். அவர் மன்ற உறுப்பினர்கூட அல்லர்.

பல்லிகள் முறை தவறவில்லை. ‘ஏ’ பிளாக் மீட்டர்ப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முதல் தலை எட்டிப்பார்க்கும். ஒன்பது மணிவாக்கில் விளக்கைச் சுற்றி கூட்டம். பெரியது நடுவில், குட்டிகள் ஓரத்தில். பகலில் கருமையாக ஒண்டிக்கிடந்த அதே பல்லி இரவில் வெளுத்துப்போயிருக்கும். விடிவதற்குள் சுவர் காலி. பகலெல்லாம் அது தூங்கி வழிகிறது என்று எண்ண வேண்டாம். பெட்டியின் இளஞ்சூட்டில் ஒட்டிக்கொண்டு, இரவில் தின்றதைச் செரிக்கிறது. வெளிச்சூட்டை நம்பி வாழும் பிராணி என்பதால் டிசம்பர் குளிரில் பாதிகூடத் தலைகாட்டவில்லை.

“இருட்டில் அதற்கு என்ன தெரியும்?” என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நிறமே தெரியும், ஐயா. நமக்கு எல்லாம் சாம்பலாகத் தோன்றும் மங்கிய நிலவொளியில் ஒருவகைப் பல்லி நிறம் பிரித்தறிவதை, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2004ல் சோதித்துக் காட்டினார்கள். பகலில் நடமாடிய முன்னோரின் கண்ணில் நிறம் உணர்ந்த கூம்புச் செல்களே இரவுக்கேற்ப மாறிக்கொண்டன என்பது விளக்கம்.

எல்லாப் பல்லியும் இரவாடி அல்ல. நந்தி மலைச் சுற்றுலாவில் (வந்தவர்கள் ஒன்பது பேர், வேன் இருபது பேருக்கானது) காலை பதினோரு மணிக்குப் பாறையிடுக்கில் சிறு பல்லி ஒன்று சுறுசுறுப்பாக இரை பிடித்தது. அதன் கண்ணின் மணி வட்டமாக இருந்தது. நம் சுவர்ப்பல்லிக்கோ பகல் வெளிச்சத்தில் அது நெடுங்கீற்றாகச் சுருங்கிவிடும். 1853ல் ஜெர்டன் என்ற இயற்கையியலாளர் மைசூரின் பெயரால் விவரித்த பகல் பல்லி இந்தப் பக்கத்தில் உண்டு. நாங்கள் கண்டது அதுவே என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆகஸ்டில் பராமரிப்புத் துணைக்குழு என்னைக் கேட்காமலே வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்கு மாட்டியது. மஞ்சளுக்குப் பூச்சி குறைவாகவே வரும். பூச்சி இல்லாத இடத்தில் பல்லிக்கு என்ன வேலை? அவை படிக்கட்டுக்குக் குடிபெயர்ந்தன. ஐந்து மாத எண்ணிக்கையைப் பிந்தியதோடு ஒப்பிட முடியாமல் போயிற்று. தோளில் பல்லி விழுந்ததாகப் பலன் கேட்டு வந்தவர்கள், அந்தக் குழுவினரைக் கேட்டுக்கொள்ளவும்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். பொருளாளர் ஊரிலிருந்து திரும்பியதும் விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். டார்ச் மூன்று, மின்கலங்கள், சிவப்புக் கண்ணாடித்தாள் தவிர திட்டத்துக்கென்று பெரிய செலவு இல்லை. சந்தா 600 ரூபாயை 84 குடும்பங்களில் 37 இன்னும் செலுத்தவில்லை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

தலைவருக்கும், தேநீர் தந்த ‘சி’ பிளாக் அம்மாவுக்கும், காவலாளிக்கும் நன்றி.

வரும் ஆண்டு வேறொருவர் பொறுப்பேற்க முன்வந்தால் மகிழ்ச்சியே. பதிவேடும் டார்ச்சுகளும் என் வீட்டில் உள்ளன. மாலை ஏழு மணிக்கு மேல் எப்போதும் இருப்பேன். வருபவர் சந்தாவையும் கையோடு கொண்டுவரலாம்.

செயலாளர்