வண்டி எண்ணைப் படியுங்கள், சேர்த்து வைக்காதீர்கள்: இராமநாதபுரம் மாவட்டக் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், மதுரையிலிருந்து தனுஷ்கோடி போகும் தேசிய நெடுஞ்சாலை 87இலும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள், கேமரா மாட்டிப் பராமரிக்கும் தொழிலில் உள்ளவர்கள், மோட்டார் வாகன வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் ஆகியோர் சேர்ந்து எழுதுகிறோம். எண் பலகையைப் படிக்கும் கேமரா வேண்டாம் என்பவர் எங்களில் யாருமில்லை. நாங்கள் கேட்பது, தேடப்படும் பட்டியலில் இல்லாத வண்டியின் எண்ணை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்பதுதான்.

இந்தக் கரைக்குச் சோதனை புதிதில்லை. எதிரே இலங்கை. பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை, கஞ்சா என்று ஏதோ ஒன்று கடத்தப்படுவதும் பிடிபடுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. அதனால் இங்குள்ளவர்கள் டிக்கியைத் திறந்து காட்டுவதற்கு முகம் சுளிப்பதில்லை. "நம்ம என்ன கடத்தலா பண்றோம், பாத்துட்டுப் போகட்டும்" என்பதே டீக்கடைப் பேச்சு. பைக்கைத் திருட்டுக் கொடுத்தவரும், இரவில் அடித்துப் போட்டுவிட்டுப் போன வண்டியைத் தேடும் குடும்பமும் இன்னும் நாலு கேமரா வேண்டும் என்றே கேட்பார்கள். அந்த நம்பிக்கை உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் மக்கள் மனதில் வைத்துச் சம்மதிப்பது, அந்த நேரத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடும் சோதனைக்கு. போன தடவை எங்கே போனோம், அதற்கு முன் எங்கே போனோம் என்று எழுதி வைக்கும் பேரேட்டுக்கு யாரும் சம்மதம் சொன்னதில்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றே இராமேசுவரம் தீவுக்குள் வண்டி போக வழி. மற்ற ஊரில் ஒரு கேமரா ஒரு சந்திப்பைத்தான் பார்க்கும். பாம்பன் முகப்பில் வைக்கும் கேமரா, பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் மக்கள் மொத்தப் பேரின் போக்குவரத்தையும் பார்க்கும். கலெக்டர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாம் இராமநாதபுரத்தில். ஆறு மாதப் பதிவை அடுக்கிப் பார்த்தால் யார் மாதாமாதம் சிகிச்சைக்குப் போகிறார், யார் வாய்தாவுக்குப் போகிறார், எந்தப் பெண் எந்த நேரத்தில் தனியாக ஸ்கூட்டியில் திரும்புகிறார் என்பது வெளிவந்துவிடும். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். எண், தேதி, நேரம் என மூன்று பத்தி உள்ள ஒரு எக்செல் தாள் போதும்.

மீன் வண்டிகளின் நிலை இன்னும் சிக்கல். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளை ஒட்டியே அவற்றின் ஓட்டம் இருக்கும். நள்ளிரவில் ஐஸ் ஏற்றி வருவதும், விடியுமுன் பெட்டிகளோடு மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ கிளம்புவதும் வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அதே வண்டி வேறு சரக்கோடு வேறு வழியில் ஓடும். இரவு ஓட்டம், ஒழுங்கற்ற நாள்கள், திடீர் வழி மாற்றம் ஆகியவற்றைச் சந்தேக அடையாளமாக வைத்து ஒரு மென்பொருள் சலித்தால், கடத்தல் வண்டிக்கு முன்னால் எங்கள் வண்டிகள்தான் சிக்கும்.

படிப்பதிலும் பிழை வரும். எங்கள் கரையில் கேமராவுக்கு முதல் எதிரி உப்பு. வாடைக் காலத்தில் கண்ணாடி மேல் படியும் உப்புத் திரையில் அகச்சிவப்பு விளக்கின் ஒளி சிதறி, எண் வெளுத்துப்போகும். காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். அதன்பின் இரவுப் படம் சரியாக வராது. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து, பிறகே மென்துணி. பாலத்தை ஒட்டிய இடத்தில் இதை வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். போல்ட், கிளாம்ப் எல்லாம் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். 304 இங்கே சீக்கிரம் துரு கக்கும். கிளாம்ப் தளர்ந்து கேமரா சற்றே திரும்பினாலும் எண் பலகை சாய்வாக விழுந்து, 3 என்பது 8 ஆகவும், 1 என்பது 7 ஆகவும் பதிவாகும். எழுத்து வரவேண்டிய இடத்தில் இலக்கம் வந்தால் மென்பொருளே திருத்திக்கொள்ளும். இலக்கத்துக்குப் பதில் வேறு இலக்கம் விழுந்தால் அதற்குத் தெரியாது. அது இன்னொருவருடைய உண்மையான வண்டி எண்ணாகவே இருக்கக்கூடும். ஒரு நாளில் 5,000 வண்டி கடக்கிறது, நூற்றுக்கு 99 சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தினம் 50 பிழை.

எனவே எச்சரிக்கை மணி அடித்ததும் வண்டியை மறிக்க வேண்டாம். முதலில் கேமரா எடுத்த படத்தில் எண்ணைக் கண்ணால் படியுங்கள். அடுத்து அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகன் தரவில் உள்ள வண்டி வகை, நிறம், கம்பெனி ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். அந்த எண் இன்னும் தேடப்படுகிறதா என்று பட்டியலைப் போட்ட நிலையத்தில் கேளுங்கள்; மீட்கப்பட்ட பிறகும் திருட்டுப் பட்டியலில் கிடக்கும் எண்ணால் வண்டியின் சொந்தக்காரரே நடுரோட்டில் நிற்க நேரிடும். மூன்றும் பொருந்தினால் நிறுத்துங்கள்.

கேமராக்களின் கடிகாரத்தையும் கவனியுங்கள். இரண்டு கேமராக்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு 10 நிமிடம் ஆகும். கடிகாரங்கள் 2 நிமிடம் முன்பின்னாக ஓடினால் அவர் 8 நிமிடத்தில் வந்ததாக, அதாவது 75 கிலோமீட்டர் வேகமாகக் கணக்காகும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவும், 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியும் மின்னணுக் கண்காணிப்புக்கு இடம் தருகின்றன. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு நடப்பதை அறிவிக்கும் பலகை வைக்க வேண்டும், விதிமீறல் அறிவிப்பை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பவை அந்த விதியில் உள்ளன. அது பேசுவது விதிமீறலைப் பற்றி. எந்த மீறலும் செய்யாத வண்டிகளின் பயணத்தைச் சேமிக்க அதில் அனுமதி இருப்பதாக எங்களால் படிக்க முடியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கைவைக்க ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டம் குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் 17ஆம் பிரிவில் விலக்கு தருகிறது என்பீர்கள். தருகிறது, ஆனால் தரவைப் பத்திரமாகக் காக்கச் சொல்லும் 8(5) பிரிவின் பொறுப்பை அந்த விலக்கு தொடவில்லை.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இலேயே இரண்டு மாநிலங்களின் எண் படிப்புச் சட்டங்களைச் செல்லாததாக்கியது. பட்டியலில் பொருந்தாத எண்ணைப் படிப்பதும் உரிமையில் தலையிடுவதே என்று 2018இல் சொன்னது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பொருந்தாத எண்ணை 3 நிமிடத்துக்குள் அழித்தாக வேண்டும். இங்கிலாந்தில் ஓராண்டு வைத்துக்கொள்கிறார்கள். அதே இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரில் முஸ்லிம்கள் நிறைந்த பகுதிகளைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் வைத்தார்கள். அதற்கான பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்பது 2010இல் வெளியானதும் மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் கழற்ற நேர்ந்தது. முஸ்லிம்கள் நிறைய வாழும் கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி உள்ள மாவட்டத்தில் எந்தச் சாலையில் கேமரா, எதனால் அங்கே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி ஆகியவற்றை ஒட்டி வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டும் சோதனையும் வருவது தெரிந்ததே. அமைதி கெடாமல் இருக்க அவை வேண்டியிருக்கலாம். ஆனால் எந்த வண்டி எந்த நிகழ்வுக்குப் போனது என்ற பட்டியல், மறைமுகமாக ஒரு சாதிப் பட்டியல். வழக்கு பதிவான வண்டிகள் தவிர மற்றவற்றின் அனுமதிச் சீட்டு, சோதனை விவரத்தை நிகழ்வு முடிந்த 7 நாளில் அழித்து, அழித்ததை எழுத்தில் பதிவு செய்யுங்கள். 24 மணி நேரக் கெடுவுக்கு அடுத்தபடியாக எங்களுக்கு மிக முக்கியமான வேண்டுகோள் இது.

சோதனைச் சாவடியில் காவலர் தம் சொந்த செல்போனில் வண்டியையும் ஓட்டுநர் முகத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது நிற்க வேண்டும். அந்தப் படம் எத்தனை போன்களில் கிடக்கிறது என்று பிறகு யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. டிஜிலாக்கரில் ஆவணம் காட்டுபவரின் போனைக் கையில் வாங்கவும் தேவையில்லை. அவர் கையில் இருக்கும்போதே எண்ணைப் படித்து இ-சலான் கருவியில் போட்டால் விவரம் வந்துவிடும்.

பதிவைத் தேடிப் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் வேண்டும். யார், எந்த எண்ணை, எந்த வழக்குக்காகத் தேடினார் என்பது தானாகப் பதிவாகட்டும்; வழக்கு எண் இல்லாமல் தேடலே திறக்கக்கூடாது. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாக வெளியார் புகுந்தது 2024 மே மாதம் செய்தியானது. நிலையத்துக்கு ஒரே கடவுச்சொல் என்று வைத்து அதைக் காகிதத்தில் எழுதிக் கணினியில் ஒட்டினால், பக்கத்து வீட்டுத் தகராறுக்கும் பதிவைப் பார்க்கலாம், பார்த்தவர் யார் என்றும் தெரியாது.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். உயர் பாதுகாப்பு எண் பலகையை மறைக்கும் கம்பி, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி வருகிறோம். வண்டியை விற்றால், விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29ஐ 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் செய்த தவறுக்கு விற்றவர் வீட்டுக்கு அறிவிப்பு வரும்.

முதல் படியாக, பாம்பன் பாலத்தின் மண்டபம் பக்கம் இந்த வாசகத்தோடு ஒரு பலகை வையுங்கள்: "இங்கு வாகன எண் படிக்கப்படுகிறது. தேடப்படும் பட்டியலில் இல்லாத எண் 24 மணி நேரத்தில் அழிக்கப்படும். உங்கள் வண்டி எண் தவறாகப் பதிவானால் கேட்க வேண்டிய அலுவலர்:" அந்த இடத்தில் ஒரு பதவியும் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளில் வண்டி ஓட்டுவோர், கேமராப் பராமரிப்பாளர்கள், வழக்கறிஞர்கள்