முதலில் பேசுகிறவர்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோவில் நிர்வாகத்துக்கு உன்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடைசி வரியில் நீ கேட்டிருந்த கேள்விக்குச் சட்டென்று பதில் எழுத முடியவில்லை. "கூட்டத்தில் நான் முதலில் பேசுவதா, எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் பேசுவதா?" என்று கேட்டிருந்தாய்.

இங்கே தினமும் சாயங்காலம் மழை. நம் ரப்பர்த் தோட்டத்து லயன் வீடுகள் இருந்த இடம் முழுக்கச் செம்பனை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்ற மழைமரம் மட்டும் இன்னும் இருக்கிறது.

பேத்தி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் விட்டுப்போன ரோமாபுரிப் புத்தகத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பிரின்கெப்ஸ். லத்தீனில் 'முதல்', 'எடு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது. முதலிடத்தை எடுத்துக்கொள்பவர் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் பிரின்ஸ், பிரின்சிபல் எல்லாம் இதன் பிள்ளைகள்தாம். ரோமப் படையில் ஒரு வரிசைக்கே இந்தப் பெயர் உண்டு. முதல்வர்கள் என்று பெயர், நின்றதோ இரண்டாம் வரிசையில்.

அங்கே செனட் சபை உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை சென்சார் என்ற அதிகாரிகள் எழுதுவார்கள். அதில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் சபையின் பிரின்கெப்ஸ். அந்தப் பெயரோடு படையோ பதவியோ வராது. ஒரு விஷயம் சபைக்கு வந்தால் முதலில் அவரிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அதுதான் அவருக்கிருந்த பெருமை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. விடியுமுன் பெரட்டில் கங்காணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்தால் முதல் பெயர் அப்பாவுடையதுதானே! அதற்காக ஒரு காசு கூடுதல் கிடையாது. மற்றவர்கள் போலவே அவருக்கும் பால் வெட்ட ஒரு நெரை மரம். ஆனால் சம்பளத்தில் பிடித்தம் என்றாலும், மழையில் அரைநாள் பேர், அதாவது அரைநாள் கூலி, என்றாலும், எல்லாருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்பும். அவர் போய்த் தோட்டக் கணக்கரான கிராணியிடம் கேட்பார். பேச்சு வாங்குவதும் முதலில் அவர்தான். எனக்குத் தெரிந்த பிரின்கெப்ஸ் அவர் ஒருவர்தான்.

பிறகு ரோமாபுரியின் முதல் பேரரசரான அகஸ்டஸ் வந்தார். அரசர்களை விரட்டிவிட்டோம் என்று நூற்றாண்டுகளாகப் பெருமைப்பட்ட ஊர் அது. அரசராகப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில்தான் ஜூலியஸ் சீசரைக் கி.மு. 44இல் குத்திக் கொன்றார்கள். அதனால் அகஸ்டஸ் அரசர் என்ற பெயர் பக்கமே போகவில்லை. கி.மு. 28இல் செனட் பட்டியலில் முதல் பெயராக ஏறிக்கொண்டு, பிரின்கெப்ஸ் என்று அழைக்கப்படுவதையே விரும்பினார். தன் வரலாற்றைத் தானே எழுதும்போது, மதிப்பில்தான் எல்லாரையும்விட உயர்ந்திருந்தேன், அதிகாரத்தில் என்னோடு பதவி வகித்தவர்களைவிடக் கூடுதல் எதுவும் இல்லை என்கிறார். ஆனால் படைகளில் பெரும்பகுதி அவர் கையில். செனட் உறுப்பினர் ஒருவர் எகிப்துக்குள் கால் வைக்க வேண்டுமென்றால்கூட அவர் அனுமதி வேண்டும். எனக்கு அந்த வாக்கியத்தை மன்னிக்க மனம் வரவில்லை. நல்ல சொல்லை எடுத்து அதற்குள் ஒரு ராஜாவை உட்காரவைத்துவிட்டார். கி.பி. 284இல் டயோக்ளீஷியன் என்ற பேரரசர் வரும்வரை அந்தப் போர்வை இருந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அகஸ்டஸுக்கு அடுத்து வந்த டைபீரியஸ் ஒருநாள் செனட்டில் ஒரு வழக்கின்போது கோபப்பட்டு, இதில் நானே வெளிப்படையாக வாக்களிக்கப்போகிறேன் என்று எழுந்துவிட்டார். பீசோ என்ற உறுப்பினர் கேட்டார்: "நீங்கள் எந்த இடத்தில் வாக்களிப்பீர்கள்? முதலில் என்றால் நான் பின்பற்ற ஒன்று இருக்கும். கடைசியில் என்றால் தெரியாமல் மாறுபட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." டைபீரியஸ் அடங்கினார். வழக்கில் சிக்கியிருந்தவரை ராஜத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கவும் ஒத்துக்கொண்டார். டாசிட்டஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு நாள் இதையே யோசித்தேன். முதலில் பேசினாலும் கடைசியில் பேசினாலும், உன் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் பேசுகிற நிலை வந்துவிட்டால் வரிசையை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்பா முதலில் பேசியபோது யாரும் அவருக்குப் பயந்து தலையாட்டவில்லை. ஏனென்றால் அவர் கையில் யாருடைய பேரும் இல்லை. உன் கையில் கோவில் சாவியும் கணக்குப் புத்தகமும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பொருளாளரிடமும் செயலாளரிடமும் கொடுத்துவிடு. அப்புறம் எப்போது வேண்டுமானாலும் பேசு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்த பிரின்சிபல் பள்ளி முதல்வரையும் குறிக்கிறது, வட்டிக்கு விட்ட அசலையும் குறிக்கிறது. நம் 'முதல்' அப்படியே! "முதலிலார்க்கு ஊதியமில்லை" என்கிறார் வள்ளுவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், அமைச்சராக இருந்த நம்ம ஊர் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் போட்டார்கள். அப்பாவும் போட்டார். அந்தப் பங்குச் சீட்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது உனக்கும் தெரியும். அன்றைக்கு அப்பாவும் முதல் போட்டவர்தான், பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவதாக இருந்தாலும்.

தைப்பூசம் முடிந்ததும் கிள்ளான் வருகிறேன். அதற்குள் முதல் கூட்டம் நடந்திருக்கும். யார் யார் உன்னை மறுத்துப் பேசினார்கள் என்று மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி