பழைய லேசருக்குப் புதுக் கயிறு

சென்னை

அன்புள்ள சேகர்,

அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. எழுந்து நடக்கத் தொடங்கியதும் என்னைப் போனில் கூப்பிடச் சொல். அடுத்த வரியிலேயே, பழைய லேசர் பாய்மரப் படகு ஒன்று வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ரொம்பச் சந்தோஷம்டா!

புதுப் பாய் வாங்கலாமா என்று கேட்கிறாய். இப்போது வேண்டாம். அந்தக் காசில் வாங் (பாயின் அடியில் கிடக்கும் பூம் கட்டையைக் கீழே இழுப்பது), கன்னிங்ஹாம் (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுப்பது), அவுட்ஹால் (பாயின் அடிவிளிம்பைப் பின்னுக்கு இழுப்பது) மூன்றின் கயிறு, கப்பிகளையும் மாற்று. லேசரின் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பிகள் கிடையாது. குழிக்குள் செருகிய இரண்டு துண்டுக் குழாய்தான். அதனால் காற்று வலுக்கும்போது மரத்தை வளைத்துப் பாயைத் தட்டையாக்குவதில் பெரும்பங்கு வாங்குக்குத்தான். 1971-இல் படகு வெளிவந்த காலத்து அமைப்பை, காற்று ஏறிய பிறகு இழுப்பது பெரும்பாடு. இப்போது விற்கும் 15:1 செட்டில் 10 கிலோ இழுத்தால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், 150 கிலோ. பதிலுக்கு, வாங் 1 செ.மீ. சுருங்க 15 செ.மீ. கயிறு இழுக்கவேண்டும். உராய்வு அந்தப் பலனைத் தின்றுவிடும் என்பதால் பால் பேரிங் கப்பியாகவே வாங்கு.

கயிறு டைனீமா என்ற வலுவான செயற்கை இழை. இழுத்தால் மிகக் கொஞ்சமே நீளும். ஆனால் வழுக்கும், கிளீட் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) கடிக்கும் இடத்தில் பாலியெஸ்டர் உறை போட்டதுதான் நிற்கும். 5 மி.மீ. போதும். கயிறுகளின் வால்களை டேகர்போர்டின் (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) தலையில் கட்டிவை. படகுக்கு வெளியே சாய்ந்து தொங்கும்போதும் கைக்கு எட்டவேண்டும். எட்டாத கயிற்றில் எத்தனை கப்பி இருந்தும் பயனில்லை.

கன்னிங்ஹாமை நிறையப் பேர் கண்டுகொள்வதில்லை. எனக்கு வருத்தம். 1958-இல் கொலம்பியா படகில் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் போட்டியை வென்ற பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் பெயர் அது. அதை இறுக்கினால் பாயின் வயிறு முன்னால் நகரும், மேல்பக்கப் பின்விளிம்பு திறந்து காற்றை விட்டுவிடும், சாய்ந்த படகு நிமிரும். காற்றோடு திரும்பும்போது உடனே தளர்ந்துவிட வேண்டும். அதற்கும் நல்ல கப்பிதான் உதவும்.

மகளும் ஓட்டுவாள் என்கிறாயே, அவளுக்கு ரேடியல் செட் வாங்கிவை. அதே உடல்தான், குட்டையான அடிக்குழாய், 7.06-க்குப் பதில் 5.76 சதுர மீட்டர் பாய். நம் சென்னை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் ரேடியல்தான். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். மகளிடம் சொல்.

எதையும் வாங்குமுன், பாய்மரம் செருகும் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவைத்துப் பார். மட்டம் இறங்கினால் உள்ளே விரிசல். 15:1 இழுவையை அது தாங்காது. மேல்குழாயின் ரிவெட் அருகே அலுமினியம் அரித்திருக்கிறதா என்றும் தடவிப் பார். டிசம்பரில் உங்கள் ஊரில் வாடை பிடிக்குமுன் வேலையை முடித்துவிடலாம். தண்ணீர் இறங்கிற்றா இல்லையா என்று முதலில் எழுது. அதைப் பார்த்துக் கயிறுகளின் நீளத்தைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாலு