வளைந்தவர் என்கிறார்களே, அந்த ஹ்ரபல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். உனக்கு மீட்டிங் அவசரம், எனக்கோ சட்டென்று வார்த்தை வரவில்லை. செக் எழுத்தாளர் ஹ்ரபல் அங்கே இருந்த கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு வளைந்துகொடுத்தவராமே, அவரைப் போய் எப்படி இத்தனை வருஷம் கொண்டாடினீர்கள் என்று கேட்டாய். பிராகில் உன் ஆபீஸில் ஒரு பெரியவர் சொன்னாராம். அவர் சொன்னதில் பொய்யில்லை.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் வந்தன. அதற்குப் பிறகு எழுத்தாளர்களைச் சலித்தெடுக்க ஆரம்பித்தார்கள். 1970இல் ஹ்ரபலின் இரண்டு புத்தகங்கள் அச்சாகித் தயாரான நிலையில் கூழாக்கப்பட்டன. அப்புறம் சில வருஷம் அவர் எழுதியதைப் போட ஆளில்லை. 1975இல் ஒரு கட்சிப் பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது, ஆட்சிக்கு இணக்கமாக. அதன் பிறகுதான் அவர் புத்தகங்கள், அங்கங்கே வெட்டுப்பட்டு, மறுபடி கடைக்கு வந்தன. கோபம்கொண்ட இளைஞர்கள் சிலர் பிராகின் கம்பாத் தீவில் அவர் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1977இல், பிற்பாடு ஜனாதிபதியான நாடகாசிரியர் ஹாவெல் முதலானவர்கள் மனித உரிமைச் சாசனம் வெளியிட்டபோதும் இவர் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் கூழாக்கினார்கள் என்றேனே, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷன், 1950களில் பிராகின் ஸ்பாலெனா தெருவில் பழைய பேப்பரை அமுக்கிக் கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் கிளாட்னோ இரும்பு ஆலை. அங்கே பலத்த அடிபட்டு, பிழைத்ததே பெரிது. பேப்பர் கிடங்குக்கு என்னென்ன புத்தகங்கள் வந்து விழும் என்று கண்ணால் பார்த்தவர் அவர். பிற்பாடு அதை வைத்து ஒரு சின்ன நாவல் எழுதினார். ஹாந்தா என்று ஒரு ஆள். முப்பத்தைந்து வருஷமாக நிலவறையில் பழைய பேப்பர் அமுக்கும் பிரஸ்ஸை ஓட்டுகிறான். நல்ல புத்தகம் கண்ணில் பட்டால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வீட்டில் கட்டிலுக்கு மேலே புத்தகப் பாரம் எப்போது சரியுமோ என்ற நிலை. நிலவறையெல்லாம் எலி. ஒருநாள் பிராகின் புப்னி பகுதியில் புது ராட்சத இயந்திரத்தைப் போய்ப் பார்க்கிறான். கையுறை போட்ட இளவட்டங்கள் பால் குடித்துக்கொண்டே, எதையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் புத்தகங்களைத் தள்ளுகிறார்கள். தன் காலம் முடிந்தது என்று அங்கேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு மூன்று பக்கங்களுக்காக நான் அவரை எதற்கும் மன்னிப்பேன்.

இந்த நாவலை அந்த அரசாங்கம் முழுசாகப் போட விடவில்லை. தட்டச்சுப் பிரதியாகக் கைமாறிக் கைமாறிப் போயிற்று. பேட்டி கொடுத்தவரும் இதை எழுதியவரும் ஒரே ஆள்தான். இன்னொரு செக் நாவலாசிரியர் குந்தேரா 1975இல் பிரான்சுக்குப் போய்விட்டார், அது அவர் வழி. ஹ்ரபல் போகவில்லை. பீர்க்கடையில் நாலு பேர் பேசுவதைக் கேட்காவிட்டால் அவரால் எழுத முடியாது, அவர் எழுத்துக்குச் சரக்கே அதுதான். வேறு ஊரில் போய் என்ன செய்வார்? இது நான் நினைப்பது. உன் ஆபீஸ் பெரியவர் ஒத்துக்கொள்ள மாட்டார், சரி. அந்தக் காலத்தை அங்கே இருந்து பட்டவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. உனக்கும் எனக்கும் அந்த உரிமை கொஞ்சம் குறைவு. 1974 ரயில்வே ஸ்டிரைக் முடிந்து, எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர்களோடுதான் நான் நைட் டூட்டி பார்த்தேன். அவர்கள் போட்ட டீயைக் குடித்தேன்.

எனக்கு அவர் பழக்கமானதே ரயிலால்தான். யுத்த காலத்தில் கோஸ்டொம்லாட்டி ஸ்டேஷனில் ரயில்களை அனுப்பிவைக்கும் வேலை பார்த்தவர் அவர். 1965இல் வந்த அவருடைய ரயில் நாவலைப் படித்தபோது, இவர் ரயிலுக்குக் கொடி காட்டிய ஆள் என்று உடனே தெரிந்தது. 1945, ஜெர்மானியர் பிடியில் ஒரு சின்ன ஸ்டேஷன், வேலை கற்றுக்கொள்ளும் ஒரு பையன், வெடிமருந்து ஏற்றிய ரயில். ஸ்டேஷன் மாஸ்டர் புறா வளர்க்கிறார். நாஜிகள் மீதுள்ள ஆத்திரத்தில் ஜெர்மன் ஜாதிப் புறாக்களை ஒழித்துவிட்டுப் போலந்துப் புறாக்கள் வாங்கியவர். ரப்பர் ஸ்டாம்ப் சமாசாரம் ஒன்றும் உண்டு, அதை மகளுக்கு எழுத எனக்குக் கூச்சம், நீயே படித்துக்கொள். செக் டைரக்டர் மென்ஸெல் அதைப் படமாக எடுத்து 1968இல் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பையன் வீரன் இல்லை. இன்னொரு நாவலில் பெரிய மனிதர்களுக்குப் பரிமாறியே மேலே வந்துவிடும் வெயிட்டரும் வீரன் இல்லை. வளைகிற ஆட்களைப் பற்றி அவர் கேலியாக எழுதுவார், ஏளனமாக எழுத மாட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

எழுதுகிற விதம் வேறு ஒரு தினுசு. பெப்பின் சித்தப்பா என்று ஒருவர் இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகலாமென்று ஹ்ரபல் வளர்ந்த நிம்புர்க் பீர் ஆலை வீட்டுக்கு வந்தவர், அப்புறம் பல வருஷம் போகவே இல்லை. வாய் ஓயாமல் கதை சொல்லும் அந்த மனுஷரின் பேச்சுதான் ஹ்ரபலுக்குப் பள்ளிக்கூடம். ஒரு புத்தகம் முழுக்க ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளியே கிடையாது. வெயிட்டர் நாவலை 1971 கோடையில் பதினெட்டு நாளில் அடித்து முடித்தார். கடைசிக் காலத்து எழுத்தில் சொன்னதையே சொல்கிறார் என்பேன், எல்லாமே தங்கம் இல்லை.

நீ டிராமில் தாண்டிப் போவதாகச் சொன்ன புலோவ்கா ஆஸ்பத்திரியில்தான் 1997 பிப்ரவரி 3 அன்று ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். வயது 82. புறாக்களுக்குத் தீனி போடும்போது தவறி விழுந்தார் என்றார்கள். ஐந்தாவது மாடியிலிருந்து குதிப்பதைப் பற்றி அவரே முன்பு எழுதியிருந்ததால் பலர் நம்பவில்லை. மனைவி போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. செய்தி பேப்பரில் வந்த அன்று உன் அம்மா, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். சொன்னேன். “சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே” என்றாள். நீ அப்போது ரொம்பச் சின்னப் பெண்.

பல்மோவ்கா மெட்ரோ பக்கம் போனால் சுவரில் அவர் படத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அவர் அங்கே லிபென் பகுதியில் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். ஹுசோவா தெருவில் ‘தங்கப் புலி’ என்ற பீர்க்கடைக்கு 1994இல் ஹாவெல் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டனைக் கூட்டிக்கொண்டு போனார், ஹ்ரபலைப் பார்க்க. தனியாகப் போகாதே, ஆபீஸ் ஆட்களோடு போ. கெர்ஸ்கோ காட்டு வீட்டில் பூனைகளோடு இருந்தார், அதற்குப் பக்கத்தில் ஹ்ராடிஷ்ட்கோ கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறை. அவருடைய அம்மாவும் வளர்ப்புத் தந்தையும் சந்தித்த போல்னா பீர் ஆலையின் பெயரைச் சவப்பெட்டியில் பொறிக்கச் சொல்லியிருந்தாராம், பொறித்தே புதைத்தார்கள்.

குளிர் விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை போய்விட்டு வா. கூட முடிந்தால் அந்தப் பெரியவரையும் அழைத்துப் போ. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள், பார்சல் இன்னும் வரவில்லை என்றால் சொல்.

அன்புடன்,
அப்பா