பேத்தி வரும் வீடு

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். அடுத்த வரியிலேயே பயிற்சிகளைப் பாதியில் விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அதற்கான திட்டை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது என் செய்தி. நான் தாத்தா ஆகப்போகிறேன். மகளும் மாப்பிள்ளையும் 2022இல் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா? போன மாதம் ரெஃபரல், அதாவது இந்தக் குழந்தையை ஏற்கிறீர்களா என்கிற கேள்வி, வந்துவிட்டது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. படமும் மருத்துவ அறிக்கையும் கணினியில் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் சரி, இல்லை என்று சொல்லிவிட வேண்டும். மகள் அறிக்கையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினாள். மாப்பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் சரி என்று பதிந்துவிட்டார்கள். எந்த ஊர், எந்தக் குழந்தைகள் இல்லம், அவள் எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்பதை மட்டும் கேட்காதே. எனக்குத் தெரிந்ததையும் நான் எழுதப்போவதில்லை. அது குழந்தைக்குச் சொந்தமான கதை, பெரியவளானதும் அவள் விரும்பினால் சொல்லிக்கொள்ளட்டும் என்பது மகளின் உத்தரவு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

சட்டப்படி இன்னும் வேலை இருக்கிறது. முன்பெல்லாம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை கொடுக்கிறார், இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணை வருவதற்கு முன்பே குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கலாம். பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பார்கள்.

பதிவு செய்த புதிதில் வீட்டு ஆய்வுக்கு ஒரு சமூகப் பணியாளர் வந்தார். அவருக்காக என் மனைவி சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வைத்தாள், முறுக்கு சுட்டாள். அந்த அம்மாள் சுவரைப் பார்க்கவே இல்லை. முறுக்கை மட்டும் சாப்பிட்டார். கிழவனையும் கிழவியையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார். "தத்துப் பிள்ளை என்று குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள்?" என்று கேட்டதற்கு என் மனைவி, "முதல் நாளிலிருந்தே சொல்லிவிடுவோம், இந்தத் தெருவில் ரகசியம் எத்தனை நாள் நிற்கும்?" என்றாளாம். அந்தப் பதிலுக்காகத்தான் நம் விண்ணப்பம் தேறியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நம் வீடு உனக்குத் தெரியும். கீழே ஒரு கட்டு, மாடியில் ஒரு கட்டு, நடுவில் ஏணிக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க ஒரு படிக்கட்டு. 2023 டிசம்பர் புயலில் கீழ்க்கட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து அங்கே எதையும் தரையில் வைப்பதில்லை. ஆகவே குழந்தைக்கு மாடிதான். மாடி என்றால் படிக்குக் கதவு வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஒரு வெல்டரைப் பிடித்தேன். கம்பிக்குக் கம்பி ஐந்து அங்குலம்தான் வழக்கம் என்று சாதித்தார். பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்று நான் அளவுகோலோடு நின்றேன். குறுக்குக் கம்பியும் கூடாது, அதில் கால் வைத்து ஏறிவிடுவார்கள். எல்லாம் நெட்டுக் கம்பி. துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் சரக்குக் கணக்குப் பார்த்தவனிடம் அளவில் ஏமாற்ற முடியுமா? கடைசியில், "உங்களுக்குக் கதவு செய்வதற்கு ஜெயிலுக்கே செய்துவிடலாம்" என்று சொல்லிச் செய்து கொடுத்தார்.

எனக்கு உண்மையான பயம் தண்ணீர்தான். நம் பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு எது? குடம், அண்டா, டிரம், குளியலறையில் வரிசையாகப் பக்கெட்டுகள். இந்த வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டில் அரை அடித் தண்ணீர் இருந்தால்கூடக் குப்புற விழுந்து எழ முடியாமல் போய்விடும். வாசல் நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடி உப்புக்காற்றில் அரித்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் பூட்டுப் போடும் மூடி வைத்தாயிற்று. பக்கெட்டுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும், டிரம்முக்குத் திருகு மூடி, குளியலறைக்கு வெளித்தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில். என் மனைவிக்குப் பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பதுதான் பெரிய தியாகம். 1990களில் லாரிக்குக் காத்துக் கிடந்தவள், காலிப் பாத்திரத்தைப் பார்த்தாலே அவளுக்குக் கை பரபரக்கும்.

கொசுவலையை எம்.சி. ரோட்டில் வாங்கினேன். கன்டெய்னர் லாரிகளின் புழுதி அறைக்குள் படிந்துவிடுகிறது, ஈரத்துணியால் துடைத்தால்தான் போகிறது. இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி. இவை எல்லா வீட்டிலும் நடக்கிற கதை, விட்டுவிடுகிறேன்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை முதல் வாரத்திலேயே மரக் கட்டில், தள்ளுவண்டி, பேட்டரியில் பாடும் யானை என்று ஆர்டர் போட ஆரம்பித்தார். என் மனைவியோ எதுவும் முன்கூட்டி வாங்கக் கூடாது என்கிற கட்சி. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டாத வம்சம் அல்லவா? இருவருக்கும் நடுவில் மகள் வேறொரு வழி கண்டுபிடித்தாள். குழந்தையைப் பார்க்க இல்லத்துக்குப் போனபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப்போய், அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறாள். எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள், விளக்கு எரியுமா, டம்ளரா பாட்டிலா, குளிக்க வெந்நீரா, எதைப் பார்த்தால் அழுகிறாள்.

அந்த நோட்டுப் புத்தகத்தை நானும் படித்தேன். படித்த பிறகு எங்கள் பட்டியல் பாதியாகிவிட்டது. அவள் தனிக் கட்டிலில் தனி அறையில் தூங்கியதே இல்லை. பக்கத்தில் பிள்ளைகள், மேலே மின்விசிறிச் சத்தம், ராத்திரி முழுக்க ஒரு விளக்கு. அந்தக் குழந்தையை நிசப்தமான அறையில், கம்பி அடைத்த கட்டிலில், இருட்டில் போட்டால் அது அவளுக்குத் தண்டனை. மரக் கட்டில் திரும்பிப் போய்விட்டது. மகள் படுக்கிற அறையிலேயே தரையில் கெட்டியான மெத்தை, ஒரு சின்ன இரவு விளக்கு. மின்விசிறி கிறீச்சிடுகிறதே, எண்ணெய் போடலாமா என்று கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

பாட்டுப் பாடினால் தூங்கமாட்டாளாம், முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டுமாம். காலையில் சத்துமாவுக் கஞ்சி, பதினொன்றரைக்குப் பருப்பும் சோறும், மாலையில் டம்ளரில் பால். வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவள், வேகமாக விழுங்குவாள், போதும் என்று சொல்லமாட்டாள். சில குழந்தைகள் சாப்பாட்டை ஒளித்துக்கூட வைத்துக்கொள்வார்களாம். கோபிக்காமல், தின்பதற்கு எப்போதும் ஏதோ ஒன்று வீட்டில் உண்டு என்று கண்ணில் படும்படி வைக்க வேண்டுமாம். தாழ்வான அலமாரித் தட்டில் வாழைப்பழம் வைக்க இடம் ஒதுக்கியாயிற்று. என் மனைவி காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி முள் எடுத்து ஊட்டும் கனவில் இருக்கிறாள். சில வாரங்களுக்கு அதே கஞ்சி, அதே பருப்பு, அதே நேரம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இடம் மாறும், ஆட்கள் மாறுவார்கள், தின்னும் கஞ்சியாவது மாறாமல் இருக்கட்டும் என்கிறாள்.

பெயர் விஷயத்தில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. என் மாமியார் பெயரை வைக்க வேண்டும் என்று என் மனைவி. இல்லத்தில் வைத்த பெயரைச் சொன்னால் குழந்தை திரும்பிப் பார்க்கிறாள், அதை எப்படிப் பிடுங்குவது என்று மகள். மாமியார் பெயர் சான்றிதழுக்கு, இல்லத்துப் பெயர் வாய்க்கு என்று சமாதானம் ஆனது.

துணிமணியில் ஒரு செய்தி. ஒன்றரை வயது என்று போட்ட உடை அவளுக்குத் தொளதொளவென்று இருக்குமாம், ஒரு வயதுக்குள்ளான அளவுதான் சரியாக இருக்கும் என்று ஆயா சொல்லியிருக்கிறார். அதனால் புதிது அதிகம் வாங்கவில்லை. முதலில் பழைய துணிதான் போட வேண்டும், நன்றாக வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்த துணி என்று இவள் பிடிவாதம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது தோலுக்கு நல்லது என்று நானும் தலையாட்டிவிட்டேன். குழந்தை இப்போது போர்த்திக்கொள்கிற போர்வையைத் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கி வரப்போகிறார்கள், பழகிய வாசனைக்காக. இங்கிருந்து நாங்களும் மகளின் பருத்திப் புடவையில் ஒரு துண்டும் எங்கள் படங்களை ஒட்டிய சிறு ஆல்பமும் அனுப்பியிருக்கிறோம். ஆயா தினமும் காட்டுகிறாராம்.

மருந்துப் பெட்டியில் தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்து. தடுப்பூசி அட்டையின் பிரதியைப் பார்த்து மிச்சம் இருப்பதைக் குறித்திருக்கிறோம், தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டும். பல பிள்ளைகள் ஒன்றாக வளரும் இடத்தில் சொறி வருவது சகஜம், வந்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து மருந்து தடவ வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். நடுராத்திரி அவசரத்துக்கு ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் தூரமில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் சுலபம். தெருதான் கடினம். நம் தெருவில் குழந்தை ஒரு வீட்டில் பிறந்து நான்கு வீட்டில் வளரும், உன்னையும் என்னையும் யார் யாரோ இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு அது இப்போதைக்கு ஆகாது. கைக்குக் கை மாறி வளர்ந்தவள் அவள். இன்னார்தான் என் அம்மா, இன்னார்தான் என் அப்பா என்று பிடிபடும் வரை தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அந்த இருவர் மட்டும். இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். எதிர்வீட்டு ஆயா, "தொடக்கூடாத சாமியா?" என்று கேட்டுவிட்டு, பிறகு தானே மற்றவர்களை அதட்டி அடக்குகிறார். "பெரிய புண்ணியம் செய்கிறீர்கள்" என்று சொல்பவர்களிடம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழந்தை இல்லாமல் தவித்தது எங்கள் வீடு. இதில் புண்ணியம் எங்கே வந்தது? அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்து வளர்ந்தால், வாழ்நாளெல்லாம் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், இரண்டு பேருக்கு என்மேல் கோபம்.

தூக்கக்கூடாதவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன், செல்வம். கதவுக்கு அளவெடுத்தவன், தொட்டியைப் பூட்டியவன், தள்ளி உட்கார வேண்டும். போதாக்குறைக்கு, இல்லத்தில் எல்லோரும் பெண்கள். ஆண்களைக் கண்டால், அதுவும் கனத்த குரல் கேட்டால், அலறுகிறாளாம். மாப்பிள்ளை தாடியை எடுத்துவிட்டார். என் மீசை இன்னும் விவாதத்தில் இருக்கிறது. குரலைத் தாழ்த்திப் பேசப் பழகுகிறேன். காது மந்தமான என் மனைவிக்கு நான் சொல்வது ஒன்றும் கேட்பதில்லை, வீட்டில் புதுச் சண்டை. தரையில் உட்கார்ந்து, குழந்தை பக்கம் பார்க்காமல், ஏதாவது கிண்ணத்தை உருட்டிக்கொண்டிரு, அவளாக வருவாள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். உன் முழங்காலைவிட என்னுடையது மேல் என்பதால் தரையில் உட்கார்ந்துவிடுவேன், எழுவதுதான் எப்படி என்று தெரியவில்லை.

ஆகவே நீ உடனே கிளம்பி வராதே. பொங்கல் கழித்து வா. சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவிலேயே தண்டையார்பேட்டை வந்துவிடலாம், 2021இலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது, நீ தான் பார்க்கவே இல்லை. பொம்மை எதுவும் வாங்கி வராதே, பாடுகிற யானையையே பரண்மேல் ஏற்றிவிட்டோம். தங்கச்சியிடம் கேட்டு, உன் பேத்தி போட்டுக் கழித்த கவுன், பருத்திச் சிம்மீஸ் ஏதாவது இருந்தால் முன்னாலேயே பார்சலில் அனுப்பச் சொல். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயது வரை உள்ள அளவு. லேஸ் வைத்தது வேண்டாம், குத்தும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்