தாத்தாவின் பதக்கங்களைச் சீராக்கித் தந்தவருக்கு நன்றி

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் தாத்தாவின் முதலாண்டு நினைவு நாளில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1971 போரில் மேற்கு முனையில் நின்றவர் எங்கள் தாத்தா. பேரப்பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டதும் அதே கைகள்தான். அவருடைய பதக்கங்களைப் புளி போட்டுத் தேய்க்க இருந்தவர்களை நீங்கள்தான் தடுத்தீர்கள். பதக்கத்தின் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். புளியும் பித்தளை பாலிஷும் அந்த எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். உலர்ந்த பருத்தித் துணியே போதும்.

வரிசையையும் மாற்றினீர்கள். பார்ப்பவருக்கு இடப்பக்கம் மேற்கு முனைப் போருக்கான பஸ்சிமி ஸ்டார், அடுத்து 1971 போர்க்காலப் பணிக்கான சங்க்ராம் பதக்கம், அதன்பின் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். இற்றுப்போன ரிப்பனுக்குப் பதில் அதே நிறக்கோடுகளுடன் 32 மில்லிமீட்டர் அகல ரிப்பன். பசை துளியும் இல்லை, எல்லாம் நூல் தையல். சட்டத்தின் கண்ணாடி பதக்கத்தில் ஒட்டினால் ஈரம் கோத்துக் கறுக்கும் என்று ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. பூமாலையைச் சட்டத்தின் மேல் போடாதீர்கள், தண்ணீர் உள்ளே இறங்கும் என்றீர்கள். இப்போது மாலை அவர் படத்துக்கு மட்டும்.

பாட்டியின் பெயர் ஓய்வூதிய ஆணையில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்ததை முதலில் கண்டதும் நீங்கள்தான். தாத்தா படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்த பணிவிடுப்புப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டிருந்தால் குடும்ப ஓய்வூதியம் நின்றிருக்கும்.

காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். பாட்டி உங்களுக்காகத் தினமும் விளக்கேற்றுகிறார், ஐயா.